குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று எல்லோரும் கடந்துபோனவருக்கு 108-ஐ அழைத்திருக்க வேண்டுமா?

டிசம்பர் மாதம், காலை ஆறேகால் மணி. ஊட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூட்டியிருந்த ஒரு கடைத் திண்ணையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சுருண்டு கிடந்தார், பிராந்தி வாடை அடித்தது, நீங்கள் எதிரே டீக்கடையில் நின்று பத்து நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "தினமும் இருக்கிறதுதான், விடுங்க" என்றார் கடைக்காரர். கோவை பஸ் வந்தது, ஏறிவிட்டீர்கள். அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. 108-ஐ அழைத்திருக்க வேண்டுமா, ஒன்றுமில்லாததற்கு அழைத்தால் திட்ட மாட்டார்களா, அப்புறம் போலீஸ், கேஸ் என்று இழுக்க மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டுக்கும் கேஸுக்கும் பதில் சுலபம், பின்னால் சொல்கிறேன். ஆனால் உங்களை உறுத்துவது அவை இரண்டும் இல்லை என்று எனக்குப் படுகிறது. மருத்துவம் தெரியாத ஒருவர், முன்பின் தெரியாத இன்னொருவரைப் பார்த்து, எவ்வளவு நிச்சயமானால் போனை எடுக்கலாம்? அதுதான் உங்கள் கேள்வி.

நான் இந்த மலையில் ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் 24 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். டாக்டர் இல்லை. ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று பார்த்துப் பழகிய அனுபவம் மட்டும் உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்: நிச்சயம் என்பதே உங்களுக்குத் தேவையில்லை. தெருவில் கிடந்து வருகிறவருக்கு என்ன என்று பார்த்த மாத்திரத்தில் எங்களுக்கே தெரியாது. சுகர் பார்த்து, பிரஷர் பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, தலையைத் தடவிப் பார்த்த பிறகுதான் ஏதோ பிடிபடும். அதனால் என்ன நோய் என்ற யோசனையையே விட்டுவிடுங்கள். கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் 108. வந்தும் பேச்சு கோர்வையாக இல்லை என்றால் அப்போதும் 108.

நீங்கள் பத்து நிமிஷம் பார்த்ததில் குறை ஒன்றுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தூங்குகிறவரும் மயங்கிக் கிடக்கிறவரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். கிட்டே போக வேண்டும். தலைப்பக்கம் குனியாமல், கால் பக்கமோ பக்கவாட்டிலோ நின்று, "அண்ணே, அண்ணே" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். திடுக்கிட்டுக் கையை வீசினாலும் உங்கள் மேல் படாது. அசையவில்லை என்றால் இரண்டு தோளையும் நன்றாகத் தட்டுங்கள். வெறும் போதை என்றால் பெரும்பாலும் முனகியாவது திரும்புவார், இல்லை திட்டுவார். திட்டினால் நல்லது, மூளை வேலை செய்கிறது. அசைவே இல்லை என்றால் மூச்சைப் பாருங்கள், பத்து விநாடி போதும். நம் ஊரில் ஸ்வெட்டர், அதன்மேல் ஜெர்கின், அதற்கும் மேல் சால்வை என்று கிடப்பார்கள், நெஞ்சு ஏறி இறங்குவது வெளியே தெரியாது. ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி வயிற்றின் மேல் கை வைத்துப் பார்க்கலாம். மூக்கருகே கன்னத்தை வைத்தால் சூடு தெரியும். மார்கழிக் காலையில் மூச்சு ஆவியாகக் கண்ணுக்கே தெரியும், ஆனால் ஆவி தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள்.

இந்த இடத்தில் பலர் ஏமாறுகிற ஒரு விஷயம் உண்டு. இதயம் நின்றுபோன பிறகும் சிலருக்கு முதல் சில நிமிஷங்கள் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். விட்டு விட்டு, மீன் வாயைத் திறப்பது போலத் திறந்து மூடும். சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்கு, தூங்குறாரு" என்பார்கள். அது மூச்சே இல்லை. பதிலும் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது உள்ளே இறங்குகிற அளவுக்கு. பயிற்சி இல்லாதவர் வாயில் வாய் வைத்து ஊதத் தேவையில்லை, அழுத்தினாலே போதும். விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், உடைந்தாலும் பிறகு கூடிவிடும்.

இனி பிராந்தி வாடைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களைத் தடுத்தது அதுதான். வாடை சொல்வது ஒன்றே ஒன்று, அவர் குடித்திருக்கிறார். வேறு ஒன்றும் ஆகவில்லை என்று அது சொல்லாது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இரவு சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை தரைக்கு இறங்கும். அப்போது வேர்க்கும், உளறுவார், தள்ளாடுவார், அப்படியே சரிந்துவிடுவார். பார்த்தால் அச்சு அசல் போதை. பஸ் ஸ்டாண்டில் கிடந்தார் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குளுக்கோமீட்டரில் 32 காட்டியது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, பாட்டில் பாதி இறங்குவதற்குள் எழுந்து உட்கார்ந்து, தன் பை எங்கே என்று கேட்டார். பையில் பேத்திக்கு வாங்கிய வர்க்கி இருந்தது. அவர் சட்டையிலும் வாடை இருந்தது உண்மைதான்.

இன்னொருவரை நான் மறக்கவே மாட்டேன். மங்கி குல்லா போட்டபடி வந்தார். நகராட்சித் துப்புரவுப் பணியாளர் ஒருவர் காலையில் பெருக்க வந்தபோது பார்த்து அழைத்திருக்கிறார். இரவு பத்து மணியிலிருந்தே அங்கேதான் கிடந்தார், குடிகாரர் என்று விட்டுவிட்டோம் என்று பிறகு அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். குல்லாவைக் கழற்றப் போனேன், வரவில்லை. இடது காதுக்குப் பின்னால் கம்பளி நூல் முடியோடு சேர்ந்து காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சலைன் ஊற்றி நனைத்து மெல்ல உரித்தால் கீழே ரத்தம், அதற்கும் கீழே கையை வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது. எங்கேயோ படியில் விழுந்து, நடந்து வந்து உட்கார்ந்து, அப்புறம் சாய்ந்திருக்கிறார். ஒரு கண்மணி பெரிதாகிவிட்டிருந்தது. அன்று கோவைக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. பர்லியாரைத் தாண்டுவதற்குள் போய்விட்டார். இரவு பத்து மணிக்கே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பிழைக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். அவர் பக்கத்தில் குனிந்து யாராவது குல்லாவைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே என்று இன்றும் நினைக்கிறேன்.

வேறு ஒன்றும் இல்லாமல் வெறும் குடிதான் என்றே வைத்துக்கொள்வோம். சமவெளியில் அப்படி ஒருவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து விடியும்வரை பார்த்துக்கொண்டால் பலமுறை சரியாகிவிடும். மலையில் டிசம்பர், ஜனவரியில் அதுவே ஆபத்து. காந்தல், தலைக்குந்தா பக்கம் புல்லின் மேல் உறைபனி படிகிற இரவுகள் அவை. குடித்தால் உடம்பு சூடாகிறது என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிவதால் அப்படித் தோன்றுகிறது, உள்ளே இருக்கும் சூடோ வேகமாக வெளியே போய்க்கொண்டிருக்கும். உடம்பின் உள்சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பேச்சு குழறும், கை வேலை செய்யாது, தூக்கம் தூக்கமாக வரும். நடுங்குகிறவரைவிட, கடுங்குளிரில் நடுக்கம் நின்றுபோனவரைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும். உடனே அழையுங்கள். அதுவரை கையைக் காலைத் தேய்க்காதீர்கள், நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போடாதீர்கள், டீயோ பிராந்தியோ ஊற்றாதீர்கள். ஈரத் துணி இருந்தால் எடுத்துவிட்டு, மேலே போர்த்துங்கள். கீழேயும் ஏதாவது போட வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சிமென்ட் தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மார்க்கெட் பக்கம் என்றால் அட்டைப்பெட்டி, கேரட் மூட்டைச் சாக்கு, எது கிடைத்தாலும் அடியில் செருகுங்கள்.

யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டிய சந்தர்ப்பங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணிப்போவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு திடீரென்று குழறுவது. இது பக்கவாதம், அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதற்குள் சிடி ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி. தேனீயோ குளவியோ கொட்டி முகம் வீங்கி, குரல் கம்மி, தலை சுற்றினால் அதுவும். காட்டெருமை முட்டி எழுந்து நின்று "ஒண்ணுமில்ல" என்பவரை நம்ப வேண்டாம், வயிற்றுக்குள் ரத்தம் கசிவது வெளியே தெரியாது. தேயிலைச் சரிவில் உருண்டு விழுந்தவரைக் கழுத்தை அசைத்துத் தூக்காதீர்கள். இன்னொன்று, குளிருக்கு அறைக்குள்ளோ டென்டுக்குள்ளோ கரி அடுப்பு வைத்துக்கொண்டு படுக்கும் சுற்றுலாப் பயணிகள். ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும் ஒரே அறையில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போலத் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் சாப்பாட்டைச் சந்தேகப்படும் முன் கதவு ஜன்னலைத் திறந்து அவர்களை வெளியே கொண்டுவந்துவிட்டு அழையுங்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை இருக்காது.

அடுத்தது, சந்தேகம் வருகிற இடங்கள். வலிப்பு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே நின்றுவிடும். சாவிக்கொத்தை, இரும்பைக் கையில் திணிப்பதால் அது நிற்பதில்லை, தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். வாயில் எதையும் வைக்காதீர்கள், இழுக்கிற கையைப் பிடித்து அழுத்தாதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால், ஒன்று நின்று தெளிவு வருவதற்குள் அடுத்தது வந்தால், தலையில் அடிபட்டால், கர்ப்பிணியாக இருந்தால் அழைக்க வேண்டும். அடிக்கடி வருவதுதான் என்று உடன் இருப்பவர் சொல்லி, நின்றபின் தெளிந்துவருகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காத்திருக்கலாம். முன்பின் தெரியாதவர், உடன் யாரும் இல்லை, இதற்கு முன் வந்ததுண்டா என்று சொல்ல ஆள் இல்லை என்றால் நான் காத்திருக்க மாட்டேன், அழைத்துவிடுவேன்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்தான். இந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைந்து நோய் வருவது அபூர்வம், பெரும்பாலும் வண்டி குலுங்கிய வாந்திதான், இறங்கிக் காற்று வாங்கினால் கொஞ்ச நேரத்தில் முகம் தெளியும். அரை மணி நேரமாகியும் தெளியாமல், சில்லென்று வேர்த்து, நெஞ்சையோ மேல்வயிற்றையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வயதானவர் என்றால் வாந்தி என்று விடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வாந்தியாகவும் களைப்பாகவும் வருவதுண்டு. அதே மாதிரி வரிசையில் நின்று மயங்கி விழுந்த இளம் வயதுக்காரர் ஒரு நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, தன் பெயர், ஊர் சொல்லி, எழுந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் பயமில்லை. நடந்துகொண்டிருக்கும்போதோ ஓடும்போதோ விழுந்தவர் வேறு கணக்கு, அவரை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். விழித்திருந்து விழுங்க முடிகிறவருக்கு லோ சுகர் என்று சந்தேகம் வந்தால் சர்க்கரை போட்ட டீ கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு வாயிலும் ஊற்றி, அது நுரையீரலுக்குள் போய்ச் சேர்ந்த கேஸ்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அழைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 108-ன் அழைப்பை எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். "மேல பஜார், அந்தப் பழைய பேக்கரி பக்கம்" என்றால் அவருக்குத் தெரியாது. மாவட்டம், ஊர், அப்புறம் பெரிய அடையாளம் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் முதலில் "தமிழ்நாடு, நீலகிரி மாவட்டம்" என்பதையே சொல்லிவிடுவது நல்லது, எல்லை தாண்டி டவர் பிடிக்கிற இடங்கள் அவை. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவின் எண் பலகையில் இருக்கும், அதைவிடத் தெளிவான விலாசம் கிடையாது. பதில் சொல்கிறாரா, மூச்சு எப்படி, ரத்தம் வருகிறதா, இந்த மூன்றும் போதும். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். சிக்னல் இல்லாமல் "அவசர அழைப்பு மட்டும்" என்று காட்டினால் 112 போட்டுப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் வழியாகவும் போகும். அப்புறம் ஓர் ஆளை மெயின் ரோட்டு முனையில் நிறுத்துங்கள். மே மாத மலர்க் கண்காட்சி நேரத்தில் சேரிங் கிராஸில் வண்டி நகராது, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் போகும் மண் பாதை டிரைவருக்குத் தெரியாது. முனையில் நிற்கிற அந்த ஓர் ஆளால் பத்து நிமிஷம் மிச்சமாவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

எஸ்டேட் உள்ளே, வண்டி வர நேரமாகும் என்று 108-லேயே சொன்னால், நெஞ்சுவலிக்காரரையோ ரத்தம் வடிகிறவரையோ எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எதிரே வருகிற ஆம்புலன்ஸை வழியில் சந்திப்பதாகப் பேசிக்கொள்ளலாம். அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் இரண்டு வண்டியும் வெவ்வேறு பாதையில் போய்விடும். மலையில் சீக்கிரம் அழையுங்கள் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணமும் தூரம்தான். ஊட்டியில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முன்பு கோவைக்குப் போன பலரை இப்போது இங்கேயே பார்க்கிறார்கள். இருந்தாலும் கீழே போயே ஆக வேண்டிய நிலை சிலருக்கு வரத்தான் செய்யும், அது 80 கிலோமீட்டருக்கு மேல், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தப் பாதையும் இருக்காது. சமவெளியில் அரை மணி தயங்கினால் அரை மணிதான் போகும். இங்கே அதற்குள் இருட்டிவிடும், பனிமூட்டம் இறங்கிவிடும்.

கேஸ் பயத்துக்கு வருகிறேன். 108 தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது, அழைப்பும் இலவசம், வண்டியும் இலவசம். நல்லெண்ணத்தில் அழைத்து, வந்து பார்த்தால் அவர் எழுந்து போய்விட்டார் என்றால் அது குற்றமில்லை. விளையாட்டுக்கு அழைப்பதுதான் குற்றம். வாகன விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரை மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு தெளிவாகவே காப்பாற்றுகிறது. சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை, பெயர், விலாசம் சொல்லவும் கட்டாயமில்லை. அதற்கு முன்பே, 2016-ல், உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது. விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து ஏற்கிறது, வெளிமாநிலத்தவருக்கும் அது உண்டு. ஆகவே பணம் யார் கட்டுவது என்றும் தயங்க வேண்டாம். உங்கள் திண்ணைக்காரர் வாகன விபத்து இல்லை, 134ஏ அவருக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் சுயநினைவில்லாத ஒருவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்வது குற்றமாகாது என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவிலும் இருக்கிறது. 108-ஐ அழைத்ததற்காக ஒருவர் ஸ்டேஷனுக்கு அலைந்ததை என் 24 வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். தெளிவாகப் பேசுகிற வயது வந்தவர், தான் இருக்கும் இடம், நாள் எல்லாம் சரியாகச் சொல்லி, "எனக்கு ஆம்புலன்ஸ் வேண்டாம், போங்க" என்றால் அவரைப் பிடித்து ஏற்றும் உரிமை நமக்கு இல்லை. அருகில் ஒரு டீயை வைத்துவிட்டு, கடைக்காரரிடம் அரை மணி கழித்து ஒரு முறை பார்க்கச் சொல்லிவிட்டு நகரலாம்.

நீங்கள் பார்த்தவருக்கு என்ன ஆயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. அவர் எழுந்து போயிருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. அன்று அங்கே விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அந்த டீக்கடைக்காரர். தினமும் பார்க்கிறவர் என்றால் அவருக்குப் பெயர் தெரியும், வழக்கமாக எத்தனை மணிக்கு எழுவார் என்று தெரியும். "விடுங்க" என்றபோது அவரிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்: கடைசியாக எப்போது இவர் பேசிப் பார்த்தீர்கள், எப்போதும் இப்படித்தான் கிடப்பாரா, இல்லை இன்று வேறு மாதிரி இருக்கிறதா? ஆம்புலன்ஸ் ஊழியர்களும் கேஷுவாலிட்டியில் நாங்களும் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்த முறை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அந்தக் கடையிலேயே ஒரு டீ குடியுங்கள், அவரைப் பற்றி விசாரியுங்கள்.